ஐம்பது டாலர் ஸ்பாஞ்ச்பாப்

கிளப் ஹவுஸ் டிவிக்குப் பிள்ளைகள் கேட்கும் ‘நிக்கலோடியன் ஆல்-ஸ்டார் பிரால்’ கேம் அதன் விலைக்குத் தகுமா என்று பேசச் சொன்னார் செயலாளர். என் மகனோடு ஆடித் தோற்றவன் என்ற தகுதி எனக்கு உண்டு.

2021 அக்டோபரில் 49.99 டாலருக்கு வந்தது. ஸ்பாஞ்ச்பாப், நிஞ்சா ஆமைகள், ஆங் என 20 பாத்திரங்கள். எதிராளியை அடித்து மேடைக்கு வெளியே தள்ள வேண்டும், அவ்வளவுதான். ஆனால் வெளிவந்தபோது யாருக்கும் குரலே இல்லை! அந்தச் சிரிப்பு இல்லாமல் எதற்கு ஸ்பாஞ்ச்பாப்? கார்ட்டூன் உரிமத்துக்கு நாம் காசு கொடுப்பதே அதற்குத்தானே. 2022-இல் இலவச அப்டேட்டில் குரல் சேர்த்தார்கள். முதல் நாளே முழு விலை கொடுத்தவர்கள் பார்த்தது ஊமைப்படம்.

சண்டையைக் குறை சொல்ல முடியாது, நல்ல வேகம். தனியாக ஆடினால் சீக்கிரம் சலிக்கும். நான்கு பேர் ஒரே டிவி முன் உட்கார்ந்தால் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாலும் எழ மாட்டார்கள்.

“இலவசமாக மல்டிவெர்சஸ் இருந்ததே” என்பீர்கள். 2025 மே மாதத்தோடு அதன் ஆன்லைன் ஆட்டத்தை நிறுத்திவிட்டார்கள். இது வாங்கியபின் இணையம் இல்லாமலும் ஓடும்.

முழு விலைக்கு வேண்டாம். தள்ளுபடியில் பாதிக்குக் கீழே வந்தால் சங்கம் ஒரு பிரதி வாங்கலாம். கன்ட்ரோலர் இரண்டுதான் இருக்கிறது. மீதி இரண்டை யார் தருகிறீர்கள்?