பிள்ளை பிடிப்போர் என்னும் பீதி

(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற பிரசங்கம்)



அம்மை வருமென்றும், மழை பொய்க்குமென்றும் ஊரார் அஞ்சுவது வழக்கம். இன்று நாம் பேசப் புகுந்தது மனிதரைக் குறித்த அச்சம். இன்னாரே நம் ஒழுக்கத்தையும் குழந்தைகளையும் அழிக்க வந்தவர் என்று ஜனங்கள் ஒருமித்து நம்பிவிடுவது. இங்கிலாந்தில் 1964-ஆம் வருஷம் கிளாக்டன் என்னும் கடற்கரையூரில் வாலிபர் சிலர் செய்த சில்லறைக் கலகத்தைப் பத்திரிகைகள் பெரிதாக்கிய விதத்தை ஆராய்ந்து, ஸ்டான்லி கோஹன் என்பார் 1972-இல் ஒரு நூல் வெளியிட்டார். நமக்கு உதாரணம் தேட அவ்வளவு தூரம் போகவேண்டுவதில்லை.

2018-ஆம் வருஷம் மே மாதத்தில், சென்னையிலிருந்து ஒரு குடும்பத்தார் குலதெய்வத்தை வணங்கும்பொருட்டுத் திருவண்ணாமலை ஜில்லா போளூர்ப் பக்கம் காரில் வந்தனர். வழி கேட்க நிறுத்திய இடத்தில், 65 வயதுள்ள அம்மையார் அங்கிருந்த குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிப்போர் என்ற கூக்குரல் எழுந்தது. அத்திமூரில் கூட்டம் மறித்து அடித்தது, அம்மையார் மாண்டார், உடன் வந்தோர் படுகாயமுற்றனர். அதே வருஷம் ஜூலை 1-ஆம் தேதி, மகாராஷ்டிரத்தில் தூலே ஜில்லா ராயின்பாடாவில், பிக்ஷை எடுத்துத் திரியும் நாடோடிச் சமூகத்தார் 5 பேரைப் பஞ்சாயத்து ஆபீஸ் அறைக்குள்ளேயே அடித்துக் கொன்றார்கள்.

அந்நாட்களில் கைப்பேசிதோறும் ஓடிய காட்சிகளுள் ஒன்று, கராச்சி நகரில் குழந்தைகளின் பாதுகாப்பைக் குறித்து எச்சரிப்பதற்காக எடுத்த நடிப்புப் படம். தூக்கிச் சென்ற குழந்தையைத் திருப்பி விடும் முடிவை யாரோ வெட்டிவிட, எஞ்சியது மெய்க்காட்சியாய் உலவிற்று. ஒரே சமயத்தில் 5 பேருக்குமேல் அனுப்பலாகாதென்று வாட்ஸாப் கம்பெனியார் இந்தியாவில் வரம்பு விதித்தது, பல உயிர்கள் போனபின் ஜூலையிலேதான்.

அதை அனுப்பியவருள் பெரும்பாலார் தம்மைப் பொய்யரென்று எண்ணியிரார். உறவினர் நலம் கருதியே அனுப்பினர். அடித்தவரும் தம்மைக் காவலரென்றே கருதினர். ஐயுற்றுக் கேட்பவனை, “உனக்குப் பிள்ளை குட்டி இல்லையா?” என்று ஒரே கேள்வியால் வாயடைத்துவிடலாம். அதன்பின் நல்லவரும் பேசார்.

இது நம் சமூகத்தாருக்கு எடுத்துச் சொல்லவேண்டிய விஷயமா? 1871-இல் பிறந்து, 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் விரிக்கப்பட்ட குற்றப் பரம்பரைச் சட்டத்தை நம் பாட்டிமார் ரேகைச் சட்டம் என்றே வழங்கினர். சிலர் செய்த களவைப் பிறக்கப்போகும் சிசுவின் தலையிலும் ஏற்றிய சட்டம் அது. நம் பாட்டன்மார் விரல்ரேகை பதித்தனர். இரவில் போலீஸார் கண்முன் படுத்தனர். ராதாரிச் சீட்டின்றி வெளியூர்ச் சாவுக்குக்கூடப் போக இயலாதிருந்தனர். 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி பெருங்காமநல்லூரில் அதை எதிர்த்து நின்று, குண்டுபட்டு மாண்டவர் 15 பேருக்கு மேல். நம் மாகாணத்தில் அச்சட்டம் ஒழிந்தது 1947-இல். அது சூட்டிய பெயர் அவ்வளவு விரைவில் ஒழியவில்லை; இங்குள்ள முதியோர் அறிவர்.

அங்ஙனமிருக்க, அந்த 2018-இல் நம்மவர் ஊர் ஒன்றிலும் போர்வை விற்க வந்த வடநாட்டான் ஒருவனைக் கோயில் தூணில் கட்டி வைத்தார்கள். கட்டியவர் அயலாரல்லர், நம் வீட்டுப் பிள்ளைகள். “போன மாசம் இவன்கிட்டதானேடா நான் போர்வை வாங்கினேன்!” என்று கிழவி ஒருத்தி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து கூவினாள். அதனால் அவன் உயிர் பிழைத்தது. கட்டை அவிழ்த்ததும் திரும்பிப் பாராமல் ஓடினான். அவன் போட்டுச் சென்ற மூட்டையை மறுநாள் நாம் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்தோம். அதைப் பெற்றுக்கொள்ள அவன் வரவேயில்லை.