கோடை முகாமில் ஓர் இந்திய யானை

குழந்தைகளுக்கென்று ஒதுக்கப்பட்ட ஒன்றைப் பெரியவர்கள் விரும்பிப் பார்த்தால், அதை வெளியே சொல்ல வெட்கப்படுவது நம்மிடையே உள்ள வழக்கம். "பேரன் பார்த்துக்கொண்டிருந்தான், கூடவே நாமும் சற்று உட்கார்ந்தோம்" என்று ஒரு சமாதானம் சொல்லிக்கொள்கிறோம். பேரன் உறங்கப் போன பின்னரும் தாத்தா டெலிவிஷன் பெட்டியின் முன்னிருந்து எழாமல் இருந்தால் அந்தச் சமாதானம் எடுபடுவதில்லை! குழந்தைகளுக்காக ஆக்கப்பட்ட ஒரு கார்ட்டூன், எல்லா வயதினரையும் ஏன் பிடித்து நிறுத்துகிறது? வேற்று மாநிலங்களில் குடியேறி வாழும் நம்மைப் போன்றோருக்கு அதனால் ஆகக்கூடியது என்ன? இவ்விரண்டையும் இன்று சிறிது ஆராய்ந்து பார்ப்போம்.

நாம் எடுத்துக்கொள்ளும் உதாரணம் 'கேம்ப் லாஸ்லோ' என்னும் அமெரிக்கத் தொடர். கார்ட்டூன் நெட்வொர்க்கில் 2005-ஆம் ஆண்டு ஜூலை மாதம் தொடங்கி, 2008-ஆம் ஆண்டு மார்ச் மாதம் முடிவுற்றது. இதைப் படைத்தவர் ஜோ முர்ரே என்னும் சித்திரக்காரர். கலிபோர்னியாவைச் சேர்ந்த ஸான் ஹோஸே நகரில் 1961-இல் பிறந்தவர்.

கதை நிகழும் இடம் சிறுவர்களுக்கான ஒரு கோடை முகாம். நம் நாட்டில் கோடை விடுமுறை என்றால் பாட்டி வீடு, மாமா வீடு என்று புறப்படுவதே வழக்கம். அமெரிக்காவிலோ பல குடும்பங்கள் பிள்ளைகளைக் காட்டோரத்து முகாம்களுக்கு அனுப்பி வைக்கின்றன. 1861-ஆம் ஆண்டிலேயே கனெக்டிகட் மாநிலத்தில் ஒரு பள்ளி ஆசிரியர் தம் மாணவர்களை வெளியூர் அழைத்துச் சென்று, கூடாரத்தில் தங்க வைத்துப் பழக்கியிருக்கிறார். பிறகு 1907-இல் இங்கிலாந்தின் பிரவுன்ஸீ தீவில் பேடன் பவல் நடத்திய முகாமிலிருந்து சாரணர் இயக்கம் உலகெங்கும் பரவிற்று. நம் நாட்டில் 1950-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் பல சாரண அமைப்புகள் ஒன்றுகூடிப் பாரத சாரணர், சாரணியர் இயக்கமாக உருவாயின. கழுத்தில் துணி கட்டிக்கொண்டு கயிற்றில் முடிச்சுப் போடக் கற்ற அனுபவம் நம்மிலும் பலருக்கு உண்டு. ஆகவே, முகாம் என்பது நமக்கு முற்றிலும் புதிய உலகமன்று.

இத்தொடரின் முகாமுக்குப் பெயர் 'கேம்ப் கிட்னி'. அதாவது சிறுநீரக முகாம்! அருகிலுள்ள ஏரியின் பெயருக்கு 'ஒழுகும் ஏரி' என்று பொருள். அங்குள்ள சிறுவர்கள் 'பீன் ஸ்கௌட்'கள், அதாவது அவரைச் சாரணர்கள். அவர்கள் தங்கும் குடில்களுக்கும் அவரை வகைகளின் பெயர்களே சூட்டப்பட்டிருக்கின்றன. ஏரிக்கு அக்கரையில் சிறுமியரின் முகாம். அவர்கள் அணில் சாரணியர். அனைவரும் விலங்குகள், ஆயினும் சீருடை அணிந்த விலங்குகள். லாஸ்லோ ஒரு சிலந்திக் குரங்கு. எதிலும் இன்பம் காண்பவன், எவரையும் நண்பனாகக் கருதுபவன். அவனுடைய குடிலில் அவனோடு தங்கும் தோழர் இருவர். ஒருவன் ராஜ் என்னும் இந்திய யானை. எதற்கும் தயங்குபவன், சற்று நாசூக்கானவன். மற்றவன் கிளாம் என்னும் வெளிறிய குட்டிக் காண்டாமிருகம். இவன் அதிகம் பேசமாட்டான். பிறர் சொன்ன கடைசிச் சொல்லையே திருப்பிச் சொல்வான். ஆனால், அந்த மூவரில் திறமை மிகுந்தவன் அவன்தான் என்பதை நாம் மெல்ல மெல்லத் தெரிந்துகொள்கிறோம்.

ஒவ்வொரு கதையும் ஏறக்குறைய 11 நிமிஷங்களில் முடிந்துவிடும். சிறுவர்களுக்கு வேண்டிய ஓட்டம், விழுதல், எழுதல், சேற்றில் புரளுதல், அனைத்தும் அதில் உண்டு. இவற்றில் மயங்காத குழந்தை இல்லை. ஆனால், பெரியவர்களின் முகத்தில் புன்னகை மலரும் இடம் வேறு.

முகாமின் தலைவர் லம்பஸ் என்னும் கடமான். வேலை செய்யப் பிடிக்காதவர், சிறுவர்களையும் பிடிக்காதவர், ஆனால் நாற்காலி மட்டும் மிகவும் பிடித்தவர். அக்கரை முகாமின் தலைவியிடம் அவருக்கு ஆழ்ந்த காதல். அந்தக் காதலை வெளியிட எடுக்கும் ஒவ்வொரு முயற்சியும் அவமானத்திலேயே முடிகிறது. அவருக்கு உதவியாளர் ஸ்லிங்க்மன். இவர் ஒரு மஞ்சள் நிற ஓடில்லா நத்தை. முகாமின் வேலைகளை உண்மையில் செய்பவரும், பிள்ளைகளின் குறைகளைக் கேட்பவரும், தலைவரின் கோபத்தைத் தாங்குபவரும் இவரே. காரியாலயத்தில் பணியாற்றிய எவருக்கும் இந்த இருவரையும் அறிமுகப்படுத்தி வைக்க வேண்டியதில்லை. குழந்தை, கடமான் தடுக்கி விழுவதைப் பார்த்துச் சிரிக்கிறது. தந்தை, தம் அதிகாரியை நினைத்துச் சிரிக்கிறார். சிரிப்பு ஒன்றே, சிரிப்பின் காரணம் வெவ்வேறு. எல்லா வயதினருக்கும் பிடித்திருப்பதன் இரகசியம் இங்கேதான் இருக்கிறது. பெரியவர்களுக்கென்று தனியாக ஒரு பகுதியைக் கதையில் ஒட்டவைக்கவில்லை. ஒரே நிகழ்ச்சி இரண்டு ஆழங்களில் நிகழ்கிறது.

இது புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட உபாயமும் அன்று. 1930-க்கும் 1950-க்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் வார்னர் சகோதரர்கள், வால்ட் டிஸ்னி முதலியோர் தயாரித்த குறுஞ்சித்திரங்கள், சினிமாக் கொட்டகைகளில் பெரிய படத்துக்கு முன்னால் காட்டப்பட்டன. கொட்டகையில் இருந்தவர்கள் எல்லா வயதினரும். ஆகவே சித்திரமும் எல்லாருக்குமாகவே அமைந்தது. டெலிவிஷன் வந்து, 1960-களில் அமெரிக்காவில் சனிக்கிழமைக் காலை நேரம் சிறுவர்களுக்கென்று ஒதுக்கப்பட்ட பின்னரே, கார்ட்டூன் என்றால் குழந்தைகளின் பண்டம் என்ற எண்ணம் வேரூன்றியது. 1990-களில் சித்திரக்காரர்கள் தம் சொந்தப் பார்வையோடு தொடர்களை அமைக்கத் தொடங்கியபோது பழைய முறை மீண்டும் தலைகாட்டிற்று. ஜோ முர்ரேயின் முதல் தொடர், 1993 முதல் 1996 வரை ஒளிபரப்பான 'ராக்கோஸ் மாடர்ன் லைஃப்'. அதில் பணியாற்றிய ஸ்டீபன் ஹில்லன்பர்க் என்பவரே 1999-இல் 'ஸ்பாஞ்ச்பாப்' தொடரைப் படைத்தவர். ஸ்பாஞ்ச்பாபுக்கும் லம்பஸுக்கும் குரல் கொடுத்தவர் ஒருவரே, டாம் கென்னி.

மேல்நாட்டாரின் வரலாற்றை விட்டு நம் வீட்டுத் திண்ணைக்கு வந்தாலும் இதே உண்மையைக் காணலாம். பஞ்சதந்திரம் யாருக்காகச் சொல்லப்பட்டது? கல்வியில் நாட்டமில்லாத அரசகுமாரர்களுக்காக விஷ்ணுசர்மா சொன்ன கதைகள் என்று அந்நூலே கூறுகிறது. சொன்னவை விலங்குக் கதைகள். சொல்ல வந்ததோ இராஜநீதி. பிங்களகன் என்ற சிங்கம், அதனிடம் வந்து சேர்ந்த சஞ்சீவகன் என்ற எருது, இருவருக்கும் இடையே பகை மூட்டிய தமனகன் என்ற நரி! இந்தக் கதையைக் குழந்தைப் பருவத்தில் கேட்டபோது நமக்கு நரியின் தந்திரம் வேடிக்கையாக இருந்தது. உத்தியோகத்தில் சேர்ந்து சில ஆண்டுகள் கழிந்த பிறகு அதே கதையை நினைத்தால் வேடிக்கையாகவா இருக்கிறது? கதை மாறவில்லை, நாம் மாறியிருக்கிறோம். நம்மோடு கூடவே வளர வல்ல கதையே நல்ல குழந்தைக் கதை.

இனி, ராஜ் என்னும் அந்த யானைக்கு வருவோம். ஜோ முர்ரேயின் இரு தொடர்களிலும் ஓர் ஒற்றுமை உண்டு. முதல் தொடரின் நாயகனான ராக்கோ, ஆஸ்திரேலியாவிலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறிய ஒரு வாலபி. கங்காருவின் சிறிய இனம். இரண்டாம் தொடரில் லாஸ்லோ பிரேசிலிலிருந்தும் ராஜ் இந்தியாவிலிருந்தும் வந்தவர்கள். அயலூரில் காலூன்ற முயல்பவன் இப்படைப்பாளியின் மனத்தில் எப்போதும் இருந்திருக்கிறான் என்றே தோன்றுகிறது. 'லாஸ்லோ எங்கே?' என்ற நீண்ட கதையில், நண்பர்கள் முதன்முதலாக முகாமுக்கு வந்து சேர்ந்த வரலாறு சொல்லப்படுகிறது. ஒரு மணி நேரமும் அதற்கு மேலும் ஓடும் சித்திர நிகழ்ச்சிகளுக்குரிய எம்மி பரிசு 2007-இல் அதற்குக் கிடைத்தது. புதிய இடத்தில் முதல் நாள் எப்படி இருக்கும் என்பது, தில்லி ரயில் நிலையத்திலோ ஹௌராவிலோ பெட்டியும் படுக்கையுமாக இறங்கி நின்ற நமக்குத் தெரியாததா?

ஆனால், ராஜைப் பார்க்கும்போது நமக்குச் சிறிது சங்கடமும் உண்டாகிறது. அவன் பேசும் ஆங்கிலம் 'இந்திய' உச்சரிப்பில் அமைந்தது. குரல் கொடுத்தவரோ ஜெஃப் பென்னட் என்ற அமெரிக்க நடிகர். இதை வெறும் விளையாட்டு என்று ஒதுக்கிவிட நம்மால் இயலாது. 1968-இல் வெளிவந்த 'படோசன்' என்ற இந்திப் படத்தில் மெஹ்மூத் தமிழ்ச் சங்கீத ஆசிரியராக நடித்ததை நாம் மறந்துவிடவில்லை. கொட்டகையில் எல்லாரும் சிரித்தார்கள், நாமும் சிரித்தோம். மறுநாள் பள்ளியில் அதே உச்சரிப்பைச் சொல்லிக் காட்டிப் பிற பிள்ளைகள் 'மதராஸி' என்று அழைத்தபோது, நம் பிள்ளைகளுக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்படியானால் எது தகும், எது தகாது? நமக்குத் தோன்றும் அளவுகோல் ஒன்று உண்டு. அயலவனின் பேச்சைத் தவிர அவனிடம் வேறொன்றுமே காட்டப்படாவிட்டால், அது ஏளனம். அவனுக்கென்று ஒரு பயமும், ஒரு ஆசையும், சிறிது அற்பத்தனமும், சிறிது பெருந்தன்மையும் கொடுக்கப்பட்டிருந்தால், அவன் ஒரு மனிதன்; யானை உருவில் இருந்தாலும் மனிதன்தான். இந்த அளவுகோலில் ராஜ் முழு மதிப்பெண் பெறுவான் என்று சொல்லமாட்டோம். அந்தக் குரலில் மிகை உண்டு. ஆயினும் அவன் கோபிக்கிறான், பொறாமைப்படுகிறான், தோழனுக்காக அஞ்சுகிறான். அவனுடைய நண்பர்களும் அவனை ஊர்ப் பெயரால் அழைப்பதில்லை. குடிலில் மூன்று கட்டில்கள் இருக்கின்றன, அவற்றில் ஒன்று ராஜுடையது. அவ்வளவுதான். நம் பிள்ளைகளுக்கு வகுப்பறையில் நாம் வேண்டுவதும் அவ்வளவுதானே?

குறைகளையும் மறைக்க வேண்டாம். நாற்றத்தையும் அழுக்கையும் வைத்துப் பிறக்கும் ஹாஸ்யம் இத்தொடரில் தாராளமாகவே உண்டு. உணவருந்தும் வேளையில் பார்க்கத்தக்கதன்று! முகாம் தலைவரை அவமதித்துச் சிரிப்பது சில கதைகளில் அளவு கடந்துவிடுகிறது. ஆனால், அதே தொடர் எட்வர்ட் என்ற முரட்டுச் சிறுவனையும் நமக்குக் காட்டுகிறது. அலகு படைத்த பிளாட்டிபஸ் அவன். மற்றவர்களைத் துன்புறுத்துவதே அவன் பொழுதுபோக்கு. அவன் இரகசியமாக ஒரு பொம்மையை வைத்து விளையாடுபவன் என்று தெரியவரும்போது, அவனுடைய முரட்டுத்தனம் எதை மறைக்கப் போட்ட போர்வை என்பது விளங்குகிறது. குழந்தைக்கு இது ஒரு வேடிக்கை. தாய்க்கு, தன் மகனைத் துன்புறுத்தும் பிள்ளையைப் பற்றியும் சிறிது இரக்கத்தோடு நினைக்க ஒரு வாய்ப்பு.

தொடரின் முடிவும் குறிப்பிடத்தக்கது. இத்தனை காலமும் அதிகாரம் செலுத்திய லம்பஸ், உண்மையான முகாம் தலைவரே அல்லர் என்பது கடைசியில் வெளியாகிறது. சிறுவர்களுக்கு இது பெரிய ஆச்சரியம். பெரியவர்களுக்கு அவ்வளவு ஆச்சரியமில்லை. நாற்காலியில் அமர்ந்திருப்பதாலேயே ஒருவர் அதற்கு உரியவராகிவிடமாட்டார் என்பதை அவர்கள் வாழ்க்கையில் பலமுறை கண்டிருக்கிறார்கள்.

இறுதியாக ஒன்று. வேற்று மாநிலத்தில் வாழும் நம் குடும்பங்களில் மெல்ல மெல்ல ஒரு பிளவு நேர்ந்துவருகிறது. பாட்டிக்குத் தமிழ் மட்டுமே தெரியும். பேத்தி தெருவில் இந்தியோ மராத்தியோ வங்காளியோ பேசுகிறாள், பள்ளியில் ஆங்கிலம், தமிழில் அவளிடம் இருப்பவை சாப்பாட்டு நேரத்துச் சொற்கள் சில. ஒரே வீட்டில் இருந்தும் இருவருக்கும் பேசுவதற்குப் பொருளில்லாமல் போகிறது. இந்நிலையில், பாட்டி ஒரு புறமும் பேத்தி ஒரு புறமும் அமர்ந்து ஒரே குரங்கையும் ஒரே யானையையும் பார்த்து ஒரே கணத்தில் சிரிப்பது அற்பமான காரியமன்று. சித்திரத்துக்குப் பாதி மொழி தேவையில்லை. மீதிப் பாதியைப் பேத்தி சொல்லட்டும். "அந்த யானை இப்போது என்ன சொல்லிற்று?" என்று பாட்டி கேட்க வேண்டும். பேத்தி தமிழில்தான் பதில் சொல்லியாக வேண்டும். சொல் கிடைக்காமல் தடுமாறுவாள். பாட்டி எடுத்துக் கொடுப்பாள். பிறகு பாட்டியின் முறை வரும். காட்டிலே ஒரு சிங்கமும் ஓர் எருதும் இருந்த கதையை அவள் தொடங்கலாம்.

ஆகவே, கார்ட்டூன் ஓடும்போது, "இது குழந்தைகள் சமாசாரம்" என்று செய்தித்தாளை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட வேண்டாம். 11 நிமிஷம் உடன் உட்காருவோம். பார்த்து முடித்த பின் அதைப் பற்றி நம் மொழியில் இரண்டு வார்த்தை பேசுவோம்.