ஏலத்துக்கு வரும் ஜி.டி.6, எஸ்டேட் ஷெட்டில் நிற்கும் ஹெரால்டு

கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கம் கேட்பவர்களுக்கும், மேலே தேவிகுளம், மறையூர், குமுளியில் கேட்பவர்களுக்கும் சேர்த்துத்தான் பேசப் போகிறேன்.

பிரிட்டனில் பழைய கார் ஏலப் பட்டியலைப் புரட்டினால் டிரையம்ஃப் ஜி.டி.6 என்ற ஸ்போர்ட்ஸ் கூப்பே அடிக்கடி கண்ணில் படும். இரண்டே கதவு. தாழ்ந்த கூரை பின்பக்கம் சரிந்து இறங்கும். நீளமான பானெட்டுக்குள் ஆறு சிலிண்டர், இரண்டு லிட்டர் எஞ்சின். 1966 முதல் 1973 வரை நாற்பதாயிரத்துக்குச் சற்று அதிகமாகச் செய்தார்கள். ஜாகுவார் இ-டைப் அளவுக்கு விலை போகாது; ஆனால் ஓட்டத் தெரிந்தவர்கள் தேடி வாங்கும் வண்டி.

அதற்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று ரேடியோவை நிறுத்திவிடாதீர்கள். ஜி.டி.6-க்கு அக்கா முறை வண்டி ஒன்று நம் ரோட்டில் ஓடியது. ஸ்டாண்டர்டு ஹெரால்டு. உங்கள் எஸ்டேட் டாக்டரோ, நெல் மில் முதலாளியோ வைத்திருந்திருப்பார். சென்னைக்கு அடுத்த வண்டலூரில், 1961-லிருந்து செய்தார்கள். இங்கிலாந்தில் 1959-ல் வந்த டிரையம்ஃப் ஹெரால்டுதான் அது. ஹெரால்டுக்கும் ஜி.டி.6-க்கும் உருவம் கொடுத்தவர் ஒருவரே, இத்தாலிக்காரர் ஜியோவான்னி மிக்கெலோட்டி.

ஹெரால்டு பிறந்த கதையைச் சொல்லாமல் எனக்கு மேலே போக முடியாது. அந்தக் காலத்தில் பெரும்பாலான கம்பெனிகள் பாடியும் சேஸிஸும் ஒன்றாகச் சேர்ந்த வண்டிக்கு மாறிவிட்டன. இங்கிலாந்தில் ஹெரால்டைச் செய்த ஸ்டாண்டர்டு-டிரையம்ஃப் கம்பெனிக்கு அப்படி முழு பாடி அடித்துக் கொடுக்க ஆள் இல்லை. பாடி செய்து வந்த தொழிற்சாலையைப் போட்டிக் கம்பெனி வாங்கிவிட்டது. அதனால் சேஸிஸைத் தனியாகச் செய்து, பாடியைத் துண்டு துண்டாகப் பல இடங்களில் அடித்து, போல்ட் போட்டு மாட்டினார்கள். வேறு வழியில்லாமல் செய்தது பெரிய வரமாகிவிட்டது. கூரையைக் கழற்றினால் திறந்த வண்டி. சேஸிஸைக் கொஞ்சம் மாற்றி, குட்டையாக்கினால் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் கார். அதில் ஆறு சிலிண்டரையும் சரிந்த கூரையையும் வைத்தால் ஜி.டி.6. பெரிய பிரஸ் எதுவும் இல்லாத ஊரில்கூட இந்த வண்டியைக் கட்டலாம் என்ற வசதியும் அதில் இருந்தது.

பானெட்டைப் பற்றிச் சொல்கிறேன், கேளுங்கள். கதவுக்கு முன்னால் இரண்டு பக்கமும் ஒவ்வொரு கொக்கி. அதை விடுவித்துத் தூக்கினால், மட்கார்டு, ஹெட்லைட் உட்பட மொத்த முன்பக்கமும் எழுந்து முன்னால் சாயும். எஞ்சினும் சஸ்பென்ஷனும் ஸ்டியரிங்கும் வெட்டவெளியில் நிற்கும். டயர் மேலேயே உட்கார்ந்து கார்புரேட்டரைக் கழற்றலாம். என் பட்டறைப் பையன்களுக்கு எஞ்சின் பாடம் இன்றைக்கும் இந்த வண்டியில்தான். ஜி.டி.6-லும் இதே ஏற்பாடு. பெரிய எஞ்சினுக்கு இடம் விட்டு பானெட் நடுவில் ஒரு மேடு இருக்கும், அவ்வளவுதான். இன்னொன்று, ஹெரால்டு இருபத்தைந்து அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். போடிமெட்டு மலைப்பாதையின் பதினேழு கொண்டை ஊசி வளைவுகளில் லாரிக்காரரே ரிவர்ஸ் எடுக்கும் இடத்தில் ஒரே ஒடிப்பில் திரும்புகிற வண்டி!

பின்பக்கம்தான் சங்கடம். பின் சக்கரங்கள் இரண்டும் தனித்தனியே ஆடும், மேலே குறுக்காக ஒரே பட்டை ஸ்பிரிங். ஆள் ஏறாதபோது சக்கரம் ஒரு சாய்வில் நிற்கும். ஆறு பேரும் சாமானும் ஏறினால் எதிர்ப்பக்கம் சாய்ந்து டயரின் உள்ஓரம் தேயும். வேகமாக வளைவில் போகும்போது ஆக்சிலேட்டரைச் சட்டென்று விட்டால் பின்பக்கம் இழுத்துவிடும். ஜி.டி.6-லும் முதலில் இதேதான். பத்திரிகைகள் திட்டித் தீர்த்த பிறகு 1968-ல் மாற்றினார்கள். வண்டலூர்க்காரர்கள் 1972-ல் கெஸல் என்ற வண்டியில் சாதாரண ஆக்ஸிலையே போட்டுப் பிரச்சினையை முடித்தார்கள்.

இனி வாங்குவது. மூணாறு பக்கத்து எஸ்டேட் ஷெட்டிலிருந்து ஒரு ஹெரால்டு என்னிடம் வந்தது. சீட்டும் கதவு ரப்பரும் புதுசு மாதிரி. கீழே படுத்து ஸ்க்ரூ டிரைவர் பிடியால் தட்டினேன். நடு ஃபிரேம் ‘டங்’ என்றது. பாடியைத் தாங்கும் பக்கக் கைகள் ‘பொத்’ என்றன. தட்டத் தட்டத் துரு உதிர்ந்தது. அதே சமயத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலிருந்து இன்னொன்று. மழை மறைவுப் பூமி அல்லவா? ரப்பர் எல்லாம் வெடித்து, டேஷ்போர்டு பிளந்து, பார்க்கவே பரிதாபம். சேஸிஸ் மட்டும் முழுசாக இருந்தது. பார்க்க அழகான முதல் வண்டியைவிட இரண்டாவதுதான் மதிப்பு. ரப்பரை வாங்கலாம், டிங்கரிங் பண்ணலாம். இற்றுப்போன சேஸிஸைச் சரிசெய்ய வண்டியையே பிரிக்க வேண்டும். மறையூர் நேயர்களே, உங்கள் ஊரும் மழை மறைவுதான், ஷெட்டைத் திறந்து பாருங்கள்.

ஏலத்தில் பளபளப்பான ஜி.டி.6 வந்தாலும் நான் முதலில் பார்ப்பது சேஸிஸின் படம். அடுத்து சேஸிஸ் நம்பர் தகடு. பிரிட்டனில் விற்ற வண்டிகளில் முதல் இரண்டு மாடல்களுக்குக் கே.சி., மூன்றாவதற்குக் கே.இ. என்று தொடங்கும், எஞ்சின் நம்பரிலும் அதே எழுத்து இருக்க வேண்டும். கேய்டனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியம் பழைய பதிவேட்டைப் பார்த்து, அந்த வண்டி என்ன நிறத்தில், எந்தத் தேதியில் வெளியே போனது என்று சான்றிதழ் தரும். ஏலம் கேட்கிறவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது: சுத்தியல் விழுந்த விலைக்கு மேல் ஏலக் கம்பெனியின் கமிஷன் தனி.

நேரம் முடிகிறது, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் ஐம்பது வருஷம் கடந்த, உருமாற்றாத வண்டிகளுக்கு 2021-ல் வின்டேஜ் பதிவு வந்தது. புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும். தினசரி ஓட்டத்துக்கும் வாடகைக்கும் அனுமதி இல்லை. உங்கள் வீட்டு ஹெரால்டைக் கிலோ கணக்கில் காயலான் கடைக்குப் போடும் முன் ஆர்.சி. புத்தகத்தைத் தேடி எடுங்கள், கீழே படுத்து ஒரு தட்டுத் தட்டிப் பாருங்கள். அடுத்த வருஷம் போடிமெட்டில் எனக்கு எதிரே ஒரு ஹெரால்டாவது ஏறி வரும் என்று எதிர்பார்க்கிறேன்.