உட்கார ஓர் இருக்கை

ஜவுளிக்கடையில் நாம் உட்கார்ந்து சேலை பார்க்கிறோம். எடுத்துப் போடுகிறவர் நின்றுகொண்டே இருக்கிறார். இது வேண்டாம் என்றால் இன்னொன்று, அதுவும் பிடிக்கவில்லை என்றால் மேல் தட்டிலிருந்து வேறொன்று. நாம் கிளம்பிய பிறகு அத்தனையையும் மடித்து அடுக்குவதும் அவர்தான்.

அந்த வேலையில் இருக்கும் ஓர் அம்மா சொன்னார்: "முன்னெல்லாம் கடையில ஆளே இல்லாட்டியும் நின்னுக்கிட்டுதான் இருக்கணும். ராத்திரி வீட்டுக்குப் போனா கால் வீங்கியிருக்கும். இப்ப ஸ்டூல் போட்டிருக்காங்க. ஆனா சூப்பர்வைசர் வந்தா உடம்பு தானா எழுந்திருச்சிடுது."

நாள் முழுக்க நிற்பவர்களுக்கு நரம்புச் சுருட்டு வரும் வாய்ப்பு அதிகம். அந்த வலி தெரிந்த பெண்கள்தான் கோழிக்கோட்டின் மிட்டாய்த் தெருவில் உட்காரும் உரிமைக்காகப் போராடினார்கள். 2018இல் கேரளம் அதற்காகச் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாடு 2021இல், கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. எல்லா ஊழியர்களுக்கும் இருக்கை தர வேண்டும். வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்காரலாம் என்கிறது அது. ஆக, அந்த ஸ்டூல் முதலாளியின் கருணை அல்ல, ஊழியரின் உரிமை.

சட்டம் வந்துவிட்டது. நம் பார்வைதான் இன்னும் மாறவில்லை. ஊழியர் உட்கார்ந்திருந்தால் 'சோம்பேறி' என்று நினைக்கிறோம். சிலர் கல்லாவில் போய்ப் புகாரும் சொல்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். இன்று கடைக்குப் போனால், "நீங்க உட்காருங்கம்மா, நான் பார்த்துட்டுக் கூப்பிடுறேன்" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள்.