அந்த மின்னஞ்சலைத் திறந்து பாருங்கள்



இந்தப் பட்டமளிப்பு மேடையில் நான் பேசப்போவது வீடியோ கேம் பற்றி. பெற்றோர்கள் பொறுத்தருள வேண்டும். விடிய விடிய ஆடியவர்களாவது இதைத் தூங்காமல் கேட்பார்கள்.

2022 ஜனவரியில் ஒருவர் ‘டார்க் சோல்ஸ் 3’ ஆட்டத்தை ட்விட்ச் தளத்தில் நேரலையாக ஆடிக்கொண்டிருந்தார். திடீரென்று ஆட்டம் நின்றுபோனது. கணினியில் கட்டளைகளை இயக்கும் பவர்ஷெல் தானாகத் திறந்துகொள்ள, ஓர் இயந்திரக் குரல் அவர் ஆடிய லட்சணத்தைக் கிண்டல் செய்யத் தொடங்கியது. பவர்ஷெல் கைக்கு வந்தால் என்னவெல்லாம் செய்யலாம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கிண்டலோடு விட்டது அவருடைய அதிர்ஷ்டம்.

காரணம் என்ன தெரியுமா? உடன் ஆடுவோரைத் தேடித்தரும் சர்வர் வழியே வரும் தரவின் நீளத்தைச் சரிபார்க்காமலே நினைவகத்தில் எழுதியிருக்கிறது நிரல். பஃபர் ஓவர்ஃப்ளோ! நீங்கள் பரீட்சைக்குப் படித்து, மறுநாளே மறந்த அதே பாடம்.

ஓட்டையைக் கண்டவர் முன்பே ஆட்டத்தின் நிறுவனத்துக்குச் சொல்லிப் பார்த்தார், யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை, அதனால்தான் ஊரறியச் செய்துகாட்டினார் என்று அப்போது செய்தி வந்தது. அவர் செய்ததை நான் நியாயப்படுத்த மாட்டேன். அனுமதியின்றி அடுத்தவர் கணினிக்குள் நுழைந்தால், நம் நாட்டில் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஆம் பிரிவு பாயக்கூடும். 3 ஆண்டு வரை சிறை. ஆனால் சொன்னபோது கேட்காத நிறுவனம், கிண்டல் கேட்ட கையோடு சர்வர்களை நிறுத்தியது. மூன்றாம் பாகத்தின் சர்வர்கள் திரும்ப வர ஆகஸ்ட் ஆகிவிட்டது.

அதற்குச் சற்று முன், 2021 டிசம்பரில், மைன்கிராஃப்ட் ஆட்டத்திலும் ஓர் ஓட்டை. சாட் பெட்டியில் ஒரு வரி தட்டினால் போதும், சர்வரே வசமாகிவிடும் என்ற நிலை. பதிவேட்டில் எழுத வேண்டிய அந்த வரியை, லாக்4ஜே என்ற நிரல்தொகுப்பு கட்டளையாக எடுத்துக்கொண்டு நிறைவேற்றியது. விளையாட்டு மட்டுமல்ல, உலகின் பாதி அலுவலகங்கள் அன்று பதறின. ஆனால் அலிபாபா கிளவுடின் பாதுகாப்புக் குழு நவம்பர் 24ஆம் தேதியே, லாக்4ஜேயை வெளியிடும் அப்பாச்சி அமைப்புக்கு இதைப் பற்றி எழுதியிருந்தது. பெரும்பாலும் சம்பளமில்லாத் தன்னார்வலர்கள் பராமரிக்கும் நிரல் அது. அவர்கள் கடிதத்தைப் படித்தார்கள், திருத்தம் எழுதினார்கள். அது போதாதென்று தெரிந்ததும் மேலும் எழுதினார்கள். மைன்கிராஃப்டின் 1.18.1 பதிப்பு டிசம்பர் 10ஆம் தேதி வந்துவிட்டது.

ஓட்டையில்லாத நிரலை நீங்கள் எழுதப்போவதில்லை, நானும் எழுதியதில்லை. உங்கள் நிரலின் ஓட்டையைச் சுட்டிக்காட்டி ஒரு நாள் மின்னஞ்சல் வரும். பள்ளிப் பையன் எழுதியிருப்பான். பிழை மலிந்திருக்கும், மரியாதைகூட இருக்காது. “எங்களிடம் சரியாகத்தான் ஓடுகிறது” என்று டிக்கெட்டை மூடிவிட்டு டீ குடிக்கப் போகத் தோன்றும். போகாதீர்கள். அவன் சொன்னபடி செய்து பாருங்கள், அன்றே இரண்டு வரி பதில் போடுங்கள். நீங்களே பிறர் நிரலில் ஓட்டையைக் கண்டால் உரியவருக்கு எழுதுங்கள்; அவர்கள் அசையவில்லையென்றால் இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்கு எழுதுங்கள்.