குழாய்க் கமராவும் பழைய தொலைக்காட்சியின் ஒளியும்



முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முந்திய தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்றின் சிறு பகுதியை இன்று யாரேனும் நமக்குக் காட்டினால், ஆண்டு கூறப்படாமலே அதன் காலத்தை ஏறக்குறைய உய்த்துணர்ந்து விடுகின்றோம். உடையும் சிகையலங்காரமும் மாத்திரம் அதற்குக் காரணமல்ல. படத்தின் உடலிலேயே காலம் படிந்திருக்கின்றது. பாடகியின் கழுத்தணி விளக்கொளியில் மின்னினால் அம்மின்னல் உடனே மறையாது. அவர் அசைய, ஒளியும் ஒரு கோடாய் இழுபட்டு வால்வெள்ளி போலப் பின்தொடரும். வெள்ளைச் சட்டையின் விளிம்பிலே சிவப்போ நீலமோ சற்றே கசிந்து நிற்கும். முகங்கள் கூர்மையின்றி மெத்தென்று தோன்றும். அக்காலத்துப் பொறியியலாளர் இவற்றையெல்லாம் குற்றங்களெனக் கொண்டு ஒழிக்கப் பாடுபட்டனர். இன்றோ திரைப்பட இயக்குநர் சிலர் அக்குற்றங்களையே நாடி, கைவிடப்பட்ட கமராக்களைத் தேடிப்பிடித்துப் படமெடுக்கின்றனர். அவ்வாறு செய்வதன் காரணத்தையும், அதனால் விளையும் ஒரு சங்கடத்தையும் பற்றிச் சிறிது பேச விரும்புகின்றேன்.

இக்காலக் கமராவிலே காட்சியை ஏற்றுக்கொள்வது ஒரு சிலிக்கன் சில்லு. அது வழக்குக்கு வருமுன் அவ்வேலையைச் செய்தது காற்று நீக்கப்பட்ட ஒரு கண்ணாடிக் குழாய். 1950ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனத்தார் வெளிப்படுத்திய விடிக்கன் என்னுங் குழாயை எடுத்துக்கொள்வோம். அதன் முன்முகத்தின் உட்புறத்தில், ஒளி பட்டால் மின்னைக் கடத்தும் பொருளொன்று மென்படலமாகப் பூசப்பட்டிருக்கும். வில்லையின் வழியே வரும் காட்சி அப்படலத்தின் மீது விழும். ஒளி மிக்க இடத்தில் மின்னேற்றம் கசிந்து போகும். இருண்ட இடத்தில் அது பெரிதும் கசியாது நிற்கும். இவ்வாறு ஒளியோவியம் மின்னோவியமாகின்றது. பின்னர், குழாயின் அடியிலிருந்து புறப்படும் இலத்திரன் கற்றையொன்று, ஏட்டை வரிவரியாகப் படிக்கும் மாணவனைப் போல, அப்படலத்தை மேலிருந்து கீழாக வாசிக்கும். வாசிக்கும்போதே அது பழையதைத் துடைத்து, அடுத்த காட்சிக்கு இடஞ்செய்தலும் வேண்டும்.

துடைப்பது முற்றுப்பெறுவதில்லை என்பதிலேதான் நாம் பேசவந்த அழகும் குற்றமும் ஒருங்கே பிறக்கின்றன. வகுப்பறைக் கரும்பலகையை எத்துணை அழுத்தித் துடைத்தாலும் முந்திய பாடத்தின் சாயல் சிறிது எஞ்சுவதை ஆசிரியர் எவரும் அறிவர். குழாயின் படலத்திலும் அவ்வாறே முந்திய காட்சியின் எச்சம் அடுத்த காட்சியில் மங்கலாய்த் தொடர்கின்றது. ஒளி குறைந்த இடங்களில் இவ்வெச்சம் இன்னும் மிகும். 1960களில் ஒல்லாந்தின் பிலிப்ஸ் நிறுவனத்தார் ஈய ஒட்சைட்டுப் படலங் கொண்ட பிளம்பிக்கன் குழாயைக் கொணர்ந்து இதனைப் பெரிதுங் குறைத்தனர். வண்ணத் தொலைக்காட்சி நிலையங்கள் அதனை விரும்பி ஏற்றன. ஆயினும் முற்றாக ஒழிந்ததில்லை. மேலும், சிறந்த வண்ணக் கமராவுக்குச் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று குழாய்கள் வேண்டும். மூன்று படங்களும் மயிரிழை பிசகாது ஒன்றன்மேல் ஒன்று பொருந்தினாலன்றி விளிம்புகளில் நிறங் கசியும். அதனைப் பொருத்தி வைப்பது நுட்பவியலாளரின் நாளாந்த வேலையாயிருந்தது.

இக்குழாய்கட்குச் சூரியன் பெரும் பகை. 1969ஆம் ஆண்டு நவம்பரில் அப்பொல்லோ 12 விண்கலத்திற் சென்றோர் சந்திரத் தரையில் வண்ணத் தொலைக்காட்சிக் கமராவை இடம்மாற்றி நாட்ட முயன்றபோது, அலன் பீன் என்னும் விண்வெளி வீரர் தற்செயலாக அதனைச் சூரியனை நோக்கித் திருப்பிவிட்டார். குழாய் பழுதுற்றது. அப்பயணத்தின் சந்திர நடையைக் காணக் காத்திருந்த மக்கள் எஞ்சிய நேரமெல்லாம் குரலை மாத்திரம் கேட்டனர். வானொலிக்காரருக்கு அது வெற்றி என்று சொல்லிக்கொள்ளலாமோ என்னவோ!

இனி, இக்கமராவை மீண்டும் எடுத்தாண்டவர்களிடம் வருவோம். அவர்களுள் முதன்மையாகக் கூறத்தக்கவர் தென்னமெரிக்காவின் சிலி நாட்டவரான பப்லோ லராயின். 2012ஆம் ஆண்டில் வெளிவந்த அவரது படத்தின் பெயர் ‘நோ’. ‘இல்லை’ என்பது பொருள். இராணுவ ஆட்சியாளரான பினோச்சே மேலும் எட்டாண்டுகள் பதவியில் நீடிக்கலாமா என்று சிலி மக்களிடம் 1988ஆம் ஆண்டு ஒக்டோபர் 5ஆம் நாள் கேட்கப்பட்டது. ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்று மக்கள் விடை கூறவேண்டும். வாக்களிப்புக்கு முன்னர், இரு தரப்பாருக்கும் நாடோறும் தொலைக்காட்சியிற் பதினைந்து பதினைந்து நிமிடங்கள் அளிக்கப்பட்டன. பதினைந்து ஆண்டுகளாக வாய்திறக்க முடியாதிருந்தவர்களுக்குப் பதினைந்து நிமிடம்! அந்த நிமிடங்களில் அச்சத்தைப் பேசுவதா, வரப்போகும் மகிழ்ச்சியைப் பேசுவதா என்பதே படத்தின் பூசல். மகிழ்ச்சியைப் பேசியவர்கள் வானவில்லைச் சின்னமாகக் கொண்டனர். முடிவில், செல்லுபடியான வாக்குகளில் ஏறத்தாழ 56 வீதம் ‘இல்லை’ என்றது.

அந்நாளைய பிரசார நிகழ்ச்சிகள் நாடாக்களில் எஞ்சியிருந்தன. லராயின் அவற்றை அப்படியே தம் படத்திற் சேர்க்க விரும்பினார். ஆனால் புதிய காட்சிகளை இக்காலக் கமராவில் எடுத்துப் பழைய நாடாவின் அருகே வைத்தால் என்னாகும்? பழையது நூதனசாலைப் பொருள்போல ஒதுங்கி நிற்கும். ஆதலின் அவர் 1983ஆம் ஆண்டளவில் ஆக்கப்பட்ட ஜப்பானிய இக்கெகாமி குழாய்க் கமராக்களைத் தேடிப் பெற்று, படம் முழுவதையும் அவற்றாலேயே எடுத்தார். இன்றைய அகன்ற திரையை விட்டு, சதுரத்தை அண்மிய பழைய சட்டத்தையே கைக்கொண்டார். ஒளிவிளக்குகளையும் வெயிலையும் நேர்நோக்கி எடுத்த காட்சிகள் சிலவற்றில் ஒளி பொங்கி வழிகின்றது. விளிம்புகளில் நிறங்கள் பிரிகின்றன. வானவில்லைப் பற்றிய படத்தில் ஒவ்வோர் உருவின் ஓரத்திலும் சிறு வானவில் தோன்றுவது கமராவின் கைங்கரியம் போலும்.

கணினியைக் கொண்டு இச்சாயலைப் பின்னர் பூசிக்கொள்ளலாகாதா என்று நேயர்கள் கேட்கலாம். பூசலாம், பலர் பூசுகின்றனர். ஆயினும் குழாயின் எச்சம் எங்கும் ஒரே அளவினதன்று. ஒளியின் அளவுக்கும் அசைவின் வேகத்துக்கும் ஏற்ப அது கணந்தோறும் மாறுவது. அன்றியும், கருவியின் குறைபாடு எடுப்போரின் கையையும் கட்டுப்படுத்துகின்றது. இருளில் எடுக்க இயலாது. ஆகவே விளக்கு வேண்டும். விளக்குக்கு ஏற்ப நடிகர் நிற்கவேண்டும். பழைய நிகழ்ச்சிகளின் தோற்றத்தில் இக்கட்டுப்பாட்டுக்கும் பங்குண்டு. அமெரிக்கரான அன்ட்ரூ புஜால்ஸ்கி, கணினிகள் சதுரங்கம் ஆடும் போட்டியொன்றை 1980ஆம் ஆண்டளவில் நிகழ்வதாகக் கற்பித்து, 2013இல் வெளியான ‘கொம்பியூட்டர் செஸ்’ என்னும் படத்தைச் சோனியின் பழைய கறுப்பு வெள்ளைக் குழாய்க் கமராக்களால் எடுத்தமைக்கும் இவ்வெண்ணமே காரணமாகலாம். அது ஒரு விந்தையான நகைச்சுவைப் படம். அதிலே எவர்க்கும் தீங்கில்லை.

லராயினின் படத்தில் அவ்வாறு எளிதாகச் சொல்லிவிட என்னால் இயலவில்லை. வரலாறு கற்பிப்பவன் என்ற முறையில், அப்படத்தின் ஒரு பகுதியை உயர்தர வகுப்பு மாணவர்க்குக் காட்டி, எது 1988இல் உண்மையில் எடுக்கப்பட்டது, எது பின்னர் நடித்து எடுக்கப்பட்டது என்று பிரித்தறியச் சொன்னேன். கூரிய மாணவரும் தடுமாறினர். ஊர்வலத்தின்மீது பொலிசார் தண்ணீர் பாய்ச்சும் காட்சி ஆவணமா, நாடகமா? ஒருவர் ஒன்று சொல்ல, மற்றவர் மறுத்தார். இயக்குநரின் நோக்கம் அதுவே. அதிலே அவர் முழு வெற்றி பெற்றுவிட்டார். என் கலக்கமும் அவ்வெற்றியினின்றே எழுகின்றது. ஒரு தையலும் தெரியாமல் இணைக்கப்பட்ட துணியிலே எது பழைய துண்டு என்று பின்வரும் தலைமுறை எவ்வாறு அறியும்?

ஓரிடத்தில் தையல் தெரிகின்றது. பிரசாரத்தில் முன்னின்று, 1990இல் நாட்டின் அதிபரான பத்ரிசியோ அயில்வின் பழைய நாடாவிலும் தோன்றுகின்றார். புதிதாக எடுத்த காட்சியிலும் தாமாகவே தோன்றுகின்றார். முன்னையதில் எழுபதை அண்மிய வயதினர். பின்னையதில் தொண்ணூறைக் கடந்தவர். ஒளி ஒன்றாயிருக்கின்றது, கமரா ஒரே குலத்தது, முகமோ இருபதாண்டுகளுக்கு மேல் மூத்துவிட்டது. இயக்குநர் அதனை மறைக்கவில்லை. அக்காட்சியை நான் மாணவர்க்கு இருமுறை காட்டினேன்.

படத்தைக் கண்டித்தோர் சிலியிலேயே உளர். ‘இல்லை’ இயக்கத்தை நெறிப்படுத்திய ஹெனாரோ அரியாகாடா, அப்பெரும் போராட்டத்தைத் தொலைக்காட்சி விளம்பரத்தின் வெற்றியாகச் சுருக்கிவிட்டார்கள் எனக் குறைகூறினார். வாக்காளரைப் பதிவு செய்யவும் அச்சத்தை நீக்கவும் ஊரூராய் உழைத்தவர்கள் திரையில் இல்லை என்பது மெய்யே. இக்குறை கதையாசிரியரைச் சார்ந்தது, கமராவைச் சார்ந்ததன்று. ஆயினும் ஆவணத்தின் தோற்றத்தைக் கதை போர்த்துக்கொள்ளும்போது, விடுபட்டவை நிகழவேயில்லை என்ற எண்ணம் பார்ப்போர்க்கு எளிதில் உண்டாகும். எனவே அப்படத்தை நான் மிக விரும்பினும், வகுப்பிற் காட்டும்போது அரியாகாடாவின் ஆட்சேபத்தையும் சேர்த்தே சொல்வது வழக்கம்.

நம் நாட்டிலே தொலைக்காட்சி தொடங்கியது 1979ஆம் ஆண்டில். அதனையடுத்த ஆண்டுகளில் திருமண வீடுகளிலும் விழாக்களிலும் தோளிற் சுமந்து திரிந்த வீடியோக் கமராக்களிற் பல குழாய்க் கமராக்களே. அவற்றுள் ஒன்று எவர் வீட்டு அலுமாரியிலேனும் கிடந்தால், எறிந்துவிட வேண்டாம். ஒளிபரப்புக்கான குழாய்களைச் செய்த தொழிற்சாலைகள் அத்தொழிலைக் கைவிட்டு நெடுங்காலமாயிற்று. பழுதுபார்க்கத் தெரிந்தவர்களும் முதுமையடைந்து வருகின்றனர். நெடுநாட் கிடந்த கருவியை உடனே மின்னிற் பொருத்துதல் ஆகாது. உள்ளிருக்கும் கொள்ளளவிகள் கெட்டிருக்கக்கூடும், முதலில் அறிந்தவர் ஒருவர் திறந்து பார்க்கட்டும். வில்லையை மூடியே வையுங்கள். குழாயின் முகம் நிலம் நோக்கித் தொங்காதவாறு கிடத்துங்கள். உள்ளே உதிர்ந்த துகள் படலத்தில் வீழ்ந்தால் அப்புள்ளி பின்னர் நீங்காது. கமராவோடு பழைய நாடாக்களும் இருந்தால், ஒவ்வொன்றின் உறையிலும் எடுத்த ஆண்டையும் இடத்தையும் உள்ளிருப்போரின் பெயர்களையும் இப்பொழுதே எழுதி வைத்துவிடுங்கள்.