சாய்தளம் எத்தனை அடி?

(கனகசெட்டிக்குளத்தில் நடைபெற்ற கூட்டத்தில் கட்சியின் முழுநேர ஊழியர் பேசியதன் சுருக்கம்)



கட்டிடக் கலை மாணவர்களின் பயிற்சியைப் பற்றி இன்று பேசப் போகிறேன். ஆலைத் தொழிலாளிக்கும், நடவுக்குப் போகிற பெண்ணுக்கும் இதில் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது. பிளான் போடுகிறவர் எதை மறந்தாரோ, அதை நாம்தான் முட்டி வலிக்க ஏறி அனுபவிக்கிறோம்.

எந்திரத்தில் கையைப் பறிகொடுத்தவன் யார்? சாரத்திலிருந்து விழுந்தவன் யார்? குனிந்து குனிந்து நாற்று நட்டு, நிமிர முடியாமல் போனவள் யார்? எல்லோரும் உழைப்பாளிகள்! 2011 ஜனத்தொகைக் கணக்குப்படி நாட்டில் மாற்றுத் திறனாளிகள் 2 கோடியே 68 லட்சம் பேர். அவர்களில் 100க்கு 69 பேர் கிராமவாசிகள்.

சட்டம் இல்லையா? இருக்கிறது. 2016-ம் வருஷத்து மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம், இவர்கள் தடையின்றிப் புழங்க முடியாத கட்டிடத்தின் பிளானுக்கு அனுமதி தரக் கூடாது என்கிறது. ஏற்கனவே உள்ள பொதுக் கட்டிடங்களை, விதிகள் வெளியான 5 வருஷத்துக்குள் மாற்றியமைக்க வேண்டும் என்கிறது. விதிகள் 2017 ஜூனில் வந்தன. 2022 ஜூனில் கெடு முடிந்தது. 2024 நவம்பர் 8-ல் சுப்ரீம் கோர்ட், அளவுகள் வெறும் சிபாரிசாக இருந்தால் போதாது, கட்டாயமாக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. எஞ்சினியர், கட்டிடக் கலைஞர் படிப்புகளில் இந்த விஷயம் ஒரு பகுதியாக இருக்க வேண்டும் என்பதும் அதே சட்டத்தின் 47-வது பிரிவு.

ஆனால் புத்தகத்தில் படித்தால் மட்டும் போதுமா? ஒரு கணக்கைப் பாருங்கள். சக்கர நாற்காலி ஏற வேண்டுமானால், 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளத்தில் சாய்தளம் வேண்டும். வாசல் 2 அடி உயரமென்றால் 24 அடி. ஆனால் 6 அடியில் ஒரு செங்குத்துச் சரிவைப் போட்டு, வேலை முடிந்தது என்கிறார்கள். அதில் நாற்காலியைத் தள்ளிப் பார்த்த மாணவன் அந்தக் கணக்கை ஆயுளுக்கும் மறக்க மாட்டான்.

கட்டிடக் கலைப் பட்டம் 5 வருஷப் படிப்பு. அதில் ஒரு பருவம் வெளியே பயிற்சிக்குப் போக வேண்டும். அந்த மாதங்கள் முழுவதும் பங்களா பிளான்களை நகல் எடுப்பதிலேயே கழிய வேண்டுமா? ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் வரட்டும். ஊன்றுகோலுடன் நடப்பவரையும், பார்வையற்றவரையும் கூட அழைத்துக் கொண்டு கதவின் அகலத்தை, கைப்பிடியின் உயரத்தை, கக்கூஸின் வாசலை அளக்கட்டும்.

அமெரிக்காவில் ரொனால்டு மேஸ் என்றொருவர் இருந்தார். 9 வயதில் இளம்பிள்ளை வாதம் தாக்கிச் சக்கர நாற்காலியில் வாழ்ந்தவர். கட்டிடக் கலை படித்த காலத்தில் அவரையே படிகளில் தூக்கிக் கொண்டு போக வேண்டியிருந்தது. எல்லோருக்குமான வடிவமைப்பு என்ற கொள்கைக்குப் பிற்காலத்தில் பெயர் சூட்டியவர் அவர்தான்.

அவ்வளவு தூரம் போவானேன்? சென்னை மெரினாவில் மாற்றுத் திறனாளிகள் வெகுகாலம் கேட்டுப் பெற்ற மரப்பாதை 2022 நவம்பரில் திறக்கப்பட்டது. அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்தியது. பாதையே வேண்டாம் என்பதா இதன் பாடம்? இல்லை! பிளான் போடுகிறவர்கள் கடலை அறிந்தவர்களையும் கேட்க வேண்டும். அலை எந்த மாதத்தில் எதுவரை ஏறும் என்பதை நம்மூர் மீனவரிடம் வந்து மாணவர்கள் கற்கட்டும்.

ஆகவே நம் கோரிக்கைகள் இவை. கல்லூரிகள் இந்தப் பயிற்சிக்கு மாணவர்களைக் கிராமங்களுக்கும் அனுப்ப வேண்டும். பயிற்சி என்ற பெயரில் ஓசியில் வேலை வாங்கக் கூடாது. மாணவனுக்கு உதவித் தொகை கொடுக்க வேண்டும். கூட வந்து குறைகளைக் காட்டும் மாற்றுத் திறனாளிக்கு அன்றைய கூலி கொடுக்க வேண்டும். அவரும் அங்கே ஆசிரியர்தான். அவர்கள் எழுதிய அறிக்கை அலமாரியில் தூங்கக் கூடாது. எந்தத் தேதிக்குள் எந்தக் குறை தீரும் என்று அதிகாரிகள் எழுத்தில் பதில் தர வேண்டும்.

தோழர்களே! கொத்தனாரும் சித்தாளும் நம்மவர்கள். அடுத்த முறை நம் பக்கத்தில் ஒரு பொதுக் கட்டிடத்துக்கு அஸ்திவாரம் தோண்டும்போது எல்லோரும் கூடிப் போய்க் கேளுங்கள்: "வாசல் எத்தனை அடி உயரம்? சாய்தளம் எத்தனை அடி நீளம்?" பதில் சரியாக வரும்வரை விடாதீர்கள்!